எனக்கு நாய் பிடிக்காது

கேட் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் போன மினி லாரி கடைசி ஆளாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது, நாங்கள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம். இவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, "ரெண்டு ட்ரெயினாச்சும் போகும், இப்போதைக்குத் தொறக்க மாட்டான்" என்றார். எனக்கென்ன, பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் வளையல் பெட்டி, உடம்பில் பட்டுப்புடவை, ஜாக்கெட்டின் கை இறுக்கிப் பிடிக்கிறது, அது தைத்தபோது இருந்த கை இப்போது இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் மீனலோசனி வீடு, அவள் பெண்ணுக்கு இன்று வளைகாப்பு, தாய்மாமன் வீட்டு வளையலைத்தான் முதலில் போட வேண்டும் என்று காலையிலிருந்து போன் மேல் போன். தாய்மாமன் இதோ என் முன்னால் உட்கார்ந்து பிடரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், வளையல் என் மடியில், வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேரவேண்டும், போகாவிட்டால் மீனலோசனி ஒன்றும் சொல்லமாட்டாள், சொல்லாமல் இருப்பதிலேயே எல்லாம் சொல்லிவிடுவாள், அதை வளைகாப்பில் தொடங்கிப் பேரனுக்குக் காது குத்துகிற வரைக்கும் சொல்லாமல் இருப்பாள். கண்ணாடி வளையல், வண்டி குலுங்கினால் உடையும், இப்படி நிற்பதுதான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த வாடை வந்தது. எனக்கு முதலில் எதுவும் மூக்கில்தான் வரும். ஈரக் கோணிச்சாக்கு, புளித்த பால், அதற்கடியில் இரும்பு. நாய். எனக்கு நாய் பிடிக்காது. பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், பயமில்லை, குமட்டல். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், காலையில் கதவைத் திறந்ததிலிருந்து ரத்தம், சிறுநீர், சளி, மலம், டப்பா டப்பாவாக வாங்கி வைத்து மூடி திறந்து பார்த்துவிட்டு மத்தியானம் அதே கையைக் கழுவிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடுகிறவள். மனுஷனிடமிருந்து வருகிற எதுவும் எனக்கு அருவருப்பாக இல்லை, நாயின் எச்சில் மட்டும், அந்த நூலாகத் தொங்குகிற எச்சில், சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்த என் வாயை நக்கிவிட்டுப் போனது, நான் சவுக்காரம் போட்டு உதடு தோலுரிகிற மட்டும் தேய்த்தேன், இன்றைக்கும் அந்த வெதுவெதுப்பு மேலுதட்டில் இருக்கிறது.

இடது பக்கம் எங்களை ஒட்டி இன்னொரு ஸ்கூட்டர். அதன் கால் வைக்கும் இடத்தில்தான் அது நின்றுகொண்டிருந்தது, கருப்பு, நெஞ்சில் வெள்ளைத் திட்டு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும், வளர்ந்து முடியாத பெண் நாய். சங்கிலியைப் பை மாட்டுகிற கொக்கியில் ரொம்பவும் குட்டையாகச் சுற்றியிருந்ததால் கழுத்து மேல்நோக்கி இழுபட்டு, மூக்கு வானத்தைப் பார்த்து, எதையோ வேண்டிக்கொள்கிற மாதிரி நின்றது. கீழே தகரம் சுட்டிருக்க வேண்டும், ஒரு காலை எடுத்தது, வைத்தது, இன்னொரு காலை எடுத்தது. அப்போதுதான் பார்த்தேன், வண்டியில் உட்கார்ந்திருந்தவன் அதை அடித்ததை. சாவிக்கொத்து. கையில் தொங்கிக்கொண்டிருந்த சாவிக்கொத்தால் மூக்கின் மேல் ஒன்று போட்டான், ஓங்கிக்கூட இல்லை, மேஜையில் விரலைத் தட்டுகிற மாதிரி, கேட்டையே பார்த்துக்கொண்டு. நாய் காலை எடுக்கும், சாவிக்கொத்து இறங்கும். கத்தவில்லை அது. கத்தியிருந்தால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள், எனக்கும் அவ்வளவு ஆகியிருக்காது, கத்துகிற நாயை எனக்குப் பிடிக்காது, ஆனால் இது ஒவ்வொரு தடவையும் கண்ணை மட்டும் மூடித் திறந்தது, அந்த மூடுதல், அடி வருவதற்கு முன்னாலேயே மூடிக்கொள்கிற அந்தப் பழக்கம், அதைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தேன். அவனைப் பார்த்தேன். பார்த்தால் முரடன் மாதிரி இருப்பான் என்று நினைத்தேன், இல்லை, இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று, நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருக்கிறான், என் தம்பி வயசு, எங்கள் நிலையத்துக்கு வந்தால் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி 'தேங்க்ஸ் மேடம்' சொல்லிவிட்டுப் போகிற ஆள். அந்தச் சுத்தமான நகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது, நாயின் வாடை அப்புறம்தான்.

"ஏங்க" என்றேன் இவர் முதுகில் விரலை வைத்து. "ம்" என்றார். "அங்க பாருங்க." பார்த்தார், கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தார், பரமகுரு எதையும் அப்படித்தான் பார்ப்பார், வம்பு அவர் பக்கம் திரும்பிவிடாத அளவுக்கு. "பாக்காத. அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு கார், கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள், கண்ணாடியில் நானும் என் மல்லிகைப்பூவும் எனக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்து இறங்குவதும் தெரிந்தது, ஆகத் திரும்பியும் பிரயோசனமில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்லலாம். 'அடிக்காதீங்க'. அவ்வளவுதான், ஒரு வார்த்தை, ஆனால் அதற்கு முன்னால் அவனை ஏதாவது கூப்பிட வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'தம்பி' என்றால் பெரியவள் புத்தி சொல்கிற மாதிரி ஆகிவிடும், அவன் முறைப்பான். 'அண்ணே' என்றால் கெஞ்சுகிற மாதிரி. 'சார்' என்றால், ஒரு நாயின் மூக்கில் சாவிக்கொத்தால் அடிக்கிறவனை சார் என்று கூப்பிட என் நாக்கு வளையாது, நாள் முழுக்க எல்லோரையும் சார் என்கிற அதே நாக்குதான். 'ஏம்ப்பா', அது சண்டைக்கு இழுக்கிறது. 'இந்தாங்க', அது மீன்காரனைக் கூப்பிடுவது. பேரில்லாமல், உறவில்லாமல், ஒருத்தனை வெறுமனே நிறுத்து என்று சொல்ல இந்த பாஷையில் வழியே இல்லையா. சொல்லிவிட்டால்தான் என்ன, 'என் நாய், நான் அடிக்கிறேன், உனக்கென்ன' என்பான், அதற்கு நான் என்ன சொல்வேன், இவர் நடுவில் வந்து 'சரி விடுங்க சார், லேடீஸ் தெரியாமப் பேசிட்டாங்க' என்பார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவன் கை வலுவாக இருக்கிறது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு ஓடுகிறது, ஊசி போடச் சுலபமான கை. வண்டி நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்வோம், பிறகு போலீஸுக்குச் சொல்லலாம் என்று நம்பரைப் படித்தேன், மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், சாவிக்கொத்து இறங்கியது, நம்பர் மறந்துவிட்டது, மறுபடி படித்தேன், மறுபடி போனது. போலீஸ் என்ன செய்யும், நாய்க்காகவா போன் போட்டீங்க என்று கேட்கும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நடுவில் ஒன்று தோன்றியது, அது தோன்றியதும் மற்றதெல்லாம் சும்மா சாக்கு என்று ஆகிவிட்டது. நான் இங்கே நாலு பேர் முன்னால் அவனைக் கேட்டுவிட்டால், அவன் இங்கே கையைக் கட்டிக்கொள்வான், சிரிக்கக்கூடச் செய்வான், பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நான் கேட்டதையெல்லாம் அதனிடம் தீர்த்துக்கொள்வான். நான் வளைகாப்பில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் ரயில் வந்தது. எக்ஸ்பிரஸ், தரை நடுங்கியது, வளையலெல்லாம் பெட்டிக்குள் கலகலத்தது. அந்தச் சத்தத்தில் நாய்க்கு உடம்பு சுருங்கியது, சுருங்கி, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மஞ்சளாகத் தகரத்தில் ஓடி அவன் பேன்ட்டின் கீழ்மடிப்பில் ஏறியது. ஐயோ என்று நான்தான் வாயைப் பொத்திக்கொண்டேன். ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை, பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு அடங்கினார்கள். அவன் கோபப்படவே இல்லை. நிதானமாக இறங்கினான், வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டான், சங்கிலியைக் கொக்கியிலிருந்து அவிழ்த்து நாயைக் கீழே இறக்கினான், சீட்டுக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துப் பேன்ட்டைத் துடைத்தான், தகரத்தைத் துடைத்தான், துடைத்த துணியை நாலாக மடித்தான். மடித்தான் என்பதுதான். மூத்திரத் துணியை ஓரம் ஓரமாகச் சேர்த்துக் கைக்குட்டை மாதிரி மடித்து உள்ளே வைத்தான், என் உடம்பு கூசியது, இவன் இந்த மாதிரித்தான் எல்லாவற்றையும் செய்வான், ஒன்றையும் பாக்கி விடமாட்டான். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் ஒருத்தி வண்டிகளுக்கு இடையில் கூடையோடு வந்தவள் நின்று, "ஏன்யா, வாயில்லாத சீவனைப் போட்டு" என்றாள். "கேட்டுச்சா ராணி, உனக்கு வாயில்லையாம்" என்று அவன் நாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் பாதி சிரித்த மாதிரி ஆக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள், அவளை என்ன சொல்வது, ஒரு சொல்லாவது சொன்னாள். அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், முகத்தில் ஒன்றுமில்லை, கறி வேகிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கிற முகம். வாயில்லாத சீவன். அதற்கு வாய் இருந்தது, நன்றாகத் தெரிந்தது, இளஞ்சிவப்பாக உள்ளே பல் வரிசையோடு, கடிக்காமல் வைத்திருந்தது. அத்தனை பல்லையும் வைத்துக்கொண்டு ஏன் கடிக்கவில்லை நீ என்று எனக்கு அதன் மேலும் அருவருப்பு வந்தது. இங்கே நிற்கிற எல்லோர் மேலும் வந்தது, கண்ணாடி ஏற்றிய கார், போன்காரன், என் முன்னால் வியர்வையில் ஒட்டிக்கிடக்கிற இந்தச் சட்டை முதுகு, அதற்குப் பின்னால் ஜரிகை சரசரக்க உட்கார்ந்திருக்கிற நான், எல்லோரும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவைத்த மாதிரி.

அவன் குந்தினான். நாயின் முன்னங்காலை, வலது காலை, ஒரு கையால் பிடித்தான், கை குலுக்குகிற மாதிரி. நான் சத்தியமாக நினைத்தேன், வருத்தப்படுகிறான், தடவிக்கொடுக்கப் போகிறான் என்று. அந்தக் காலை இழுத்துத் தன் வண்டியின் சைலன்சரில் வைத்தான். அழுத்தினான். "இனிமே போவியா" என்றான், பாடம் கேட்கிற குரலில். மெல்ல. "போவியா." இப்போது அது கத்தியது, நாய்க் குரலே இல்லை அது, ஈரக் கதவைத் தரையில் இழுக்கிற சத்தம். ஆனால் எனக்குச் சத்தமல்ல, வாடை. மயிர் கருகுகிற வாடை. அதற்குள்ளே தோல். நான் எப்போது இறங்கினேன் என்று தெரியாது, பெட்டியை எங்கே வைத்தேன், புடவையைத் தூக்கிப் பிடித்தேனா, எதுவும் தெரியாது, அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், நான் தேடித் தேடி வைத்த தம்பி, அண்ணே, சார் ஒன்றும் வாயில் வரவில்லை, "கைய எடுங்க" என்றேன். "அப்படியே விடுங்க. மெல்ல. அவ்வளவுதான்." அது என் வேலைக் குரல். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறவர்களிடம், பெரிய பெரிய ஆட்களிடம், லோடுமேன்களிடம், நான் பேசுகிற குரல், அதில் கோபமும் இருக்காது பிரியமும் இருக்காது, கேட்டவர்கள் கேட்டபடி செய்துவிடுவார்கள், ஏன் செய்தோம் என்று பிறகுதான் நினைப்பார்கள். அவனும் செய்தான். கையை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான், புரியாமல், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி. ஒரு கணம்தான். எழுந்தான். என்னைவிட ஒரு தலை உயரம்.

"யாரு நீங்க?" என்றான். யார் நான். "உங்க வண்டிக்குப் பக்கத்துல நிக்கிறவ" என்றேன். "நாய் சங்கம் எதுலயாச்சும் இருக்கீங்களா? ரோட்டுல போற நாய்க்கெல்லாம் சோறு போடுற கோஷ்டியா?" என்றான், சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "இல்ல. எனக்கு நாயே பிடிக்காது" என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும், நிஜம் அது, இப்போதுகூட அது என் கால் பக்கம் வந்து முகர்ந்துவிடுமோ என்று கொசுவத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "பிடிக்காதுன்னா போங்க. என் நாய், காசு கொடுத்து வாங்கினது, எனக்கு வளக்கத் தெரியும். பயம் இருந்தாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்." "பயந்துதான் மூத்திரம் போச்சு" என்றேன், "நீங்க சுட்டா இன்னும் போகும்." இதை ஏன் சொன்னேன், அவனுக்கு யோசனை சொல்லவா இறங்கினேன், ஆனால் வாயில் வந்தது அதுதான், திட்ட வரவில்லை. பின்னாலிருந்து இவர், "வல்லி, வா இங்க" என்றார். குரல் நடுங்கியது. அவன் அதைக் கேட்டான், கேட்டு ஒரு தெம்பு வந்தது அவனுக்கு. "சார், உங்க வீட்டம்மாவா? கூட்டிட்டுப் போங்க சார். இல்ல, இம்புட்டு அக்கறைன்னா நீங்களே வளத்துக்கங்க" என்று சொல்லிச் சங்கிலியின் நுனியை என்மேல் எறிந்தான். அது என் மார்பில் பட்டு, புடவையில் சரிந்து, நான் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேண்டும் என்று பிடிக்கவில்லை, எதையாவது எறிந்தால் கை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இரும்பு, ஈரம், பிசுபிசுப்பு. எத்தனை நாள் எச்சிலோ. உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் ரோமம் சிலிர்த்தது. அவன் கையை நீட்டினான், சிரித்துக்கொண்டே, நான் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று, ஊரெல்லாம் பார்த்துச் சிரிக்க வண்டியில் ஏறிப் போவேன் என்று. கொடுத்திருப்பேன். கொடுக்கத்தான் கை எழுந்தது. அந்த நீட்டிய கையில் நாயின் மயிர் நாலைந்து ஒட்டியிருந்தது, சுருண்டு, கருகி. நான் சங்கிலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "சரி" என்றேன். "என்ன சரி?" "நீங்கதான சொன்னீங்க. வளத்துக்கிறோம்." சொல்கிற என் குரலை நானே கேட்டேன், யாரோ ஒரு பெண் கடையில் சாமான் வாங்குகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது ரயில் அப்போது வந்தது, சரக்கு வண்டி, முடிவே இல்லாமல், பெட்டி பெட்டியாக, அது போகிறவரை யாரும் பேச முடியாது. நாங்கள் மூன்று பேரும் அந்த இரைச்சலில் நின்றோம், அவன், நான், நடுவில் வலது காலைத் தரையில் வைக்காமல் அது. அவன் வாய் அசைந்தது, என்ன சொன்னானோ. என்னை அறைவான் என்று நினைத்தேன், எந்தக் கன்னத்தில் என்றுகூட யோசித்தேன், மூக்குத்தி இல்லாத பக்கமாகக் கொஞ்சம் முகத்தைக் காட்டி நின்றேன். அவன் அறையவில்லை. போன் வைத்திருந்தவன் இன்னும் எடுத்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான், சட்டையைச் சரிசெய்தான், போய் வண்டியில் உட்கார்ந்தான். கேட் தூக்கினார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமியது. அவன் போய்விட்டான், என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று நினைக்கிற நேரத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓரமாக வண்டியை நிறுத்தினான், திரும்பினான், விசிலடித்தான். "ராணி, ராணிக்கண்ணு, வாடா தங்கம்." அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளையைக் கொஞ்சுகிற குரல். சங்கிலி என் கையில் வெட்டியது. நாய் பாய்ந்தது, அவன் பக்கம், மூன்று காலில், கழுத்து நெரிய, நாக்கு வெளியே தள்ள, வாலை ஆட்டிக்கொண்டு. வாலை ஆட்டியது. சாவிக்கொத்து வாங்கிய மூக்கு, இன்னும் புகைவாடை போகாத கால், எல்லாம் அவன் பக்கம். எனக்கு அதுவரை வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமில்லை. போ, போய்த் தொலை, உனக்கு அதுதான் வேண்டுமென்றால் போ என்று கையை விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. ஹாரன் அடிக்கிறார்கள், "யம்மா, ஓரமாப் போம்மா" என்கிறார்கள், செருப்பு வழுக்குகிறது, தண்டவாளத்தைப் பார்த்து என்னை இழுக்கிறது, இத்தனை சின்ன உடம்பில் இத்தனை பலம், அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டே மறுபடி விசிலடிக்கிறான், விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், நான்தான் பிடுங்கினேன் என்று ஆகாது, அதுவாகப் போயிற்று என்று ஆகும். சங்கிலியைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். விரல் கறுத்தது. அப்போது இன்னொரு கை வந்தது, சங்கிலியில், என் கைக்கு முன்னால். "கையில சுத்தாத, விரல் போயிரும். விடு, இதப் பிடி, கழுத்துப் பட்டையப் பிடி" என்று இவர் சொன்னார். எங்கள் ஸ்கூட்டர் நடு ரோட்டில் ஸ்டாண்ட் போட்டு நின்றது, அதன் மேல் வளையல் பெட்டி, இரண்டு பக்கமும் வண்டிகள் திட்டிக்கொண்டே போயின. இந்த மனுஷன் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை இவர், தலையைக் குனிந்துகொண்டு, பயந்துகொண்டே, காது வரை சிவந்து, பிடித்துக்கொண்டிருந்தார். விசில் இன்னொரு தடவை கேட்டது. பிறகு ஒரு பஸ் குறுக்கே வந்தது, அது போன பிறகு அங்கே அவன் இல்லை.

ஓரமாக இழுத்து வந்தோம். வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை இவரிடம் கொடுத்தாள், இவர் குந்தி அந்தக் காலில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார், பாதத்து மெத்தையில் ஒரு இடம் வெள்ளையாகக் கொப்புளித்திருந்தது. நாய் தண்ணீரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, பஸ் போன திசையில் நிமிர்ந்த காதையும் மடங்கிய காதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் போன் அடித்தது. மீனலோசனிதான். "வந்துட்டிருக்கோம்" என்றார், "இல்ல, கொஞ்சம் நேரமாகும். மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வரணும். ஆமா, மாட்டாஸ்பத்திரி. நீங்க வேற யாரோட வளையலையாச்சும் போட்டு ஆரம்பிங்க." அந்தப் பக்கம் சத்தமில்லை. மீனலோசனி சொல்லாமல் இருக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சங்கிலியைப் பிடித்தபடியே சாக்கடை ஓரம் குனிந்தேன், வாந்தி எடுத்தேன், மத்தியானம் சாப்பிட்டது, காலையில் சாப்பிட்டது, எல்லாம். இவர் வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நாய் வாடை ஒத்துக்கல" என்றார். இல்லை என்று தலையை அசைத்தேன். நிமிர்ந்தேன். வாயோரம் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கலாமென்று கையைத் தூக்கினேன். அது கண்ணை மூடிக்கொண்டது. என்னைப் பார்த்து. தலையைத் தாழ்த்தி, காதுகளை ஒட்டிக்கொண்டு, என் கை இறங்குவதற்காகக் காத்திருந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. மெல்ல, ரொம்ப மெல்ல, பக்கவாட்டில் இறக்கினேன், புடவையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கிறதா என்று பார்த்தபடி, வாயைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.